ஸ்டேட்டஸில் சல்யூட் போட்டாச்சு... பட்டாளத்து வீட்டுப் பட்டாவுக்கு யார் அலைவது?

2025 மே 7 முதல் 10 வரை, ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்த நான்கு நாள்களில் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்காத ஆள் குறைவு. மூவர்ணக் கொடி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், கீழே 'ஜெய்ஹிந்த்'. லீவில் ஊருக்கு வந்திருந்த ஜவான்கள் பலர் பாதி லீவிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். 10-ம் தேதி மாலை சண்டை நின்றது. ஸ்டேட்டஸ் என்பது 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும் சமாசாரம். அதுவும் மறைந்தது. ரயிலேறிப் போனவர்கள் மட்டும் மறுநாளே திரும்பி வந்துவிடவில்லை.

வீரர்களுக்கு ஆதரவு என்றதும் ஞாபகத்துக்கு வருபவை சிலதான். சண்டை நாள்களில் ஸ்டேட்டஸ், சுதந்திர தினத்தில் சட்டையில் கொடி, வீரமரணம் என்றால் ஊரே திரளும் ஊர்வலம். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால், வருடத்தின் மற்ற நாள்களில்தான் அந்த வீட்டில் மாமனாருக்கு நெஞ்சு வலிக்கிறது. பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் வருகிறது. 'ஆம்பளை ஊர்ல இல்லையே' என்ற தைரியத்தில் பக்கத்து வயல்காரர் வரப்பை ஓரடி நகர்த்துகிறார். எல்லையில் நிற்கிறவருக்குத் தூக்கம் கெடுவது பெரும்பாலும் இந்தச் செய்திகளால்தான்.

277 பேர் போன ஊர்

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து மணி பார்ப்பார்களே தவிர, அதில் பதித்திருக்கும் கல்வெட்டைப் படிப்பவர்கள் குறைவு. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்கிறது அந்தக் கல். அதே வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்ற கிராமத்துக்கு 'மிலிட்டரி பேட்டை' என்றே பட்டப்பெயர். தலைமுறை தலைமுறையாக அப்பா, மகன், பேரன் என்று வரிசையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. 1758-ல் தொடங்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வரலாற்றில் இப்படிப்பட்ட எத்தனையோ ஊர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் அதன் பயிற்சி மையத்துக்கு இன்றைக்கும் 18 வயதுப் பையன்கள் டிரங்குப் பெட்டியோடு போய் இறங்குகிறார்கள்.

கம்மவான்பேட்டை மாதிரி ஊரில் ஒரு வசதி உண்டு. எந்தப் பேப்பரை எங்கே கொடுக்க வேண்டும், எந்த ஆபீஸில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். மருமகளாக வந்த பெண்ணும் பட்டாளத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளாக இருக்கக்கூடும். சிக்கல் மற்ற ஊர்களில்தான். ஊருக்கு ஒரே ஒரு ஜவான், நகரத்து அடுக்குமாடியில் ஒரே ஒரு ராணுவக் குடும்பம் என்றால், அந்தப் பெண் எல்லாவற்றையும் தானே முட்டி மோதித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

60 நாள் லீவும் ஒரு ரூபாய் போனும்

ராணுவத்தில் இரண்டு விதமான போஸ்டிங். 'பீஸ் ஸ்டேஷன்' என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரிசைப்படி மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். 'ஃபீல்டு ஏரியா' என்றால் முடியாது. லடாக், சியாச்சின், காஷ்மீரின் எல்லைக்கோட்டுப் பகுதி, அருணாசலத்தின் மலைமுகடுகள் எல்லாம் இந்த ரகம். ஒரு சிப்பாயின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவே மாறி மாறி ஓடும். ஃபீல்டு முறை வரும்போது குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பும். பஞ்சாபில் கேந்திரிய வித்யாலயாவில் இந்தி படித்துக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென்று தென்காசியில் தமிழ் எழுத்துக்கூட்டத் திணறும். அந்தப் பிள்ளைக்குச் சாயங்காலம் அரை மணி நேரம் தமிழ் சொல்லிக் கொடுக்கிற பக்கத்து வீட்டு டீச்சரும் தேசத்துக்கு ஏதோ செய்கிறார். அதற்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை, அவ்வளவுதான்.

லீவுக் கணக்கைப் பார்ப்போம். ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். கேட்க நிறைய இருப்பதுபோலத் தோன்றும். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வழியாகக் கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, மூன்று நாள் பயணம். அதற்குப் பிறகு ராணுவ வண்டிகளின் கான்வாய், பனி விழுந்தால் டிரான்சிட் கேம்ப்பில் காத்திருப்பு. இத்தனையும் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்தவரை முதல் வாரம் உறவுகள் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வாரத்திலிருந்து கையில் ஒரு மஞ்சள் பையோடு அவர் தாலுகா ஆபீஸ், பேங்க், மின்வாரியம் என்று நடக்க ஆரம்பிப்பார். வருடம் முழுக்கச் சேர்ந்த வேலை! 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர்களுக்கு ஆண்டு விடுப்பு 30 நாள்தான். பணிக்காலம் முடியும் வரை அவர்கள் திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. ஆக, அந்த வீட்டில் காத்திருப்பது வயதான அப்பா அம்மா.

போன் விஷயம் எவ்வளவோ மேல். மலை உச்சிகளில் செல்போன் டவர் எட்டாத இடங்களில் சாட்டிலைட் போன்தான் வழி. அதில் பேச ஜவான்கள் நிமிடத்துக்கு 5 ரூபாயும், மாதம் 500 ரூபாய் சந்தாவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017 தீபாவளியன்று அது நிமிடத்துக்கு 1 ரூபாய் ஆனது, மாதச் சந்தாவும் ரத்தானது. 2025 ஜனவரியில் சியாச்சின் பனிமலையிலேயே 5ஜி டவர் வந்துவிட்டது. இதனால் முன்பு இல்லாத ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டுப் பிரச்னை இன்லேண்டு லெட்டரில் ஏறி, இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேரும். அதற்குள் பாதி தீர்ந்திருக்கும். இப்போது 'மாமா நிலத்துல கல்லு நட்டுட்டாங்க' என்று வீடியோ காலில் நேரலையாகப் பார்க்கிறார், 16,000 அடி உயரத்தில், கைத்துப்பாக்கி பக்கத்தில் இருக்க. பார்க்க முடிகிறது, ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஒரு எழுத்து மாறினால்...

ராணுவத்தில் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒன்று உண்டு. ஒரு வீரருக்குத் திருமணம் ஆனது, குழந்தை பிறந்தது எல்லாம் அதில் பதிவானால்தான் சட்டப்படி அந்த வீட்டுக்குச் சேர வேண்டியவை சேரும். குடும்ப ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவி, மருத்துவ அட்டை எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு வரிதான்.

தமிழ்ப் பெயர்கள் சிக்கிக்கொள்வதும் அங்கேதான். விஜயலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். யூனிட்டில் வட இந்திய கிளார்க் ஒரு மாதிரி எழுதியிருப்பார், ஆதாரில் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. 'சர்நேம் என்ன?' என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுப் பையன் திருதிருவென்று விழிக்க, அப்பா பெயர் ஒரு பதிவில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். அவர் வேலையில் இருக்கும்வரை இதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியாது. ஓய்வு பெறும்போதோ, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலோதான் எழுத்து விளையாட ஆரம்பிக்கும். பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற ஆன்லைன் தளத்தில் ஓடுகிறது. கம்ப்யூட்டருக்கு 'இரண்டு பேரும் ஒருத்திதான்' என்று புரியவைக்க, கணவரை இழந்த பெண் நோட்டரி, அஃபிடவிட், வி.ஏ.ஓ சான்று என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இதற்கு ஆகும் உதவி மிகச் சின்னது. ரிட்டயர்டு தலைமையாசிரியரோ, பேங்க் ஊழியரோ அந்தத் தெருவில் இருந்தால் போதும். அடுத்த லீவில் அவர் வரும்போது ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, ஆதார், பான், பாஸ்புக், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, படைப் பதிவு ஆகியவற்றை வரிசையாகப் பரப்பி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். மாறியிருந்தால் அவர் கையெழுத்துப் போட ஊரில் இருக்கும்போதே திருத்திவிடுவது எளிது. எந்தத் தேசபக்திப் பாட்டும் தராத நிம்மதியை அந்த வீட்டுக்கு இது தரும்.

1925-லேயே போட்ட சட்டம்

நிலத் தகராறுக்கு வருவோம். படைக்குப் போனவனின் நிலத்தை ஊரில் இருப்பவன் வழக்குப் போட்டு எடுத்துக்கொள்வது வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வியாதி. சிப்பாயால் கோர்ட்டுக்கு வர முடியாது, வராவிட்டால் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிடும். இதைத் தடுக்கவே 1925-ல் இந்தியப் படைவீரர்கள் வழக்குகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

போர்ச் சூழலிலோ, அரசு அறிவித்திருக்கும் பகுதிகளிலோ பணியில் இருக்கும் வீரர் ஒரு சிவில் அல்லது வருவாய் வழக்கில் நேரில் வர முடியாமல், அவர் சார்பில் பேசவும் ஆளில்லாமல் இருந்தால், மாவட்ட ஆட்சியரே நீதிமன்றத்துக்குச் சான்று அனுப்பலாம். அதைப் பெற்ற நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்து வீரருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர் இல்லாதபோது தீர்ப்பு ஆகிவிட்டிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்கவும், காலக்கெடுவில் சலுகை பெறவும் வழி இருக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆனாலும், நூறு வருடத்துக்கு முன்பே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது ஆச்சர்யம்தான்! அதைவிட ஆச்சர்யம், இப்படி ஒரு சட்டம் இருப்பதே பல பட்டாளத்து வீடுகளுக்குத் தெரியாது என்பது.

சட்டத்துக்கு வெளியேயும் ஒரு வழி பழக்கத்தில் உண்டு. வீரர் தன் யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரிடம் முறையிடுவார். அவர் மாவட்ட ஆட்சியருக்கோ எஸ்.பி-க்கோ கடிதம் எழுதுவார். கடிதம் வந்து சேரும். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து ஆர்.ஐ-க்கு, ஆர்.ஐ-யிடமிருந்து வி.ஏ.ஓ-வுக்கு 'தக்க நடவடிக்கைக்காக' இறங்கும். கடைசியில் யார்மீது புகாரோ அவருடைய டீக்கடை நண்பராக வி.ஏ.ஓ இருந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். சீருடையில் கண் கலங்க வீடியோ வெளியிட்டு முறையிடும் வீரர்கள் அவ்வப்போது செய்திகளில் வருவது இப்படிப்பட்ட முட்டுச்சந்தில் நின்றுதான். வீடியோ வைரலாகும், கட்சிகள் கையில் எடுக்கும், உண்மை எது பொய் எது என்று இரண்டு வாரம் சேனல்கள் வாதாடும். நிலத்தின் அளவுக்கல் நட்ட இடத்திலேயே நிற்கும்.

2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 'வீர் பரிவார் சஹாயதா யோஜனா' என்ற திட்டத்தை ஸ்ரீநகரில் தொடங்கியது. வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நிலம், சொத்து, குடும்பத் தகராறுகளில் இலவசச் சட்ட உதவி தருவது நோக்கம். மாநில, மாவட்டப் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைக்க வேண்டும் என்கிறது திட்டம். ஊரில் வழக்கறிஞர் யாராவது இருந்தால், சல்யூட் ஸ்டேட்டஸுக்குப் பதில் இந்தத் திட்டத்தைப் படித்துவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம்.

இரட்டைப் பிரதியில் ஒரு மனு

மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் 'முன்னாள்' இருப்பதால் ரிட்டயர் ஆனவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். இப்போது பணியில் இருப்பவரின் மனைவியும் பெற்றோரும்கூட அங்கே போகலாம். ஆட்சியர் தலைமையில் அவ்வப்போது நடக்கும் படைவீரர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அவர்கள் மனு கொடுக்கலாம். பத்திரிகைச் செய்தியில் 'இரட்டைப் பிரதியில் மனு' என்று ஒரு வரி வரும். அதைக் கவனிக்காமல் ஒரே பிரதியோடு போய் ஜெராக்ஸ் கடை தேடி ஓடுகிறவர்கள் உண்டு. அடையாள அட்டையை மறந்து வருபவர்களும் உண்டு. கூட்டம் எப்போது என்று பேப்பரில் பார்த்து, 'அம்மா, வர்ற வாரம் மீட்டிங் இருக்கு, வண்டியில கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்ல ஒருவர் இருந்தால் அந்த அம்மாவுக்கு அது பெரிய பலம்.

அந்த அலுவலகத்தின் பட்டியலில் 'போர்ப்பணி ஊக்க மானியம்' என்று ஓர் இனம் இருக்கிறது. ஒரே பிள்ளையைப் படைக்கு அனுப்பிய பெற்றோருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும் மாநில அரசு தரும் மானியம் அது. கூடவே ஒரு வெள்ளிப் பதக்கம். பிள்ளை பதக்கம் வாங்குவது இருக்கட்டும், பிள்ளையைக் கொடுத்ததற்காக அப்பா அம்மா பதக்கம் வாங்குகிறார்கள்! தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பெற்றோர் உங்கள் ஊரிலேயே இருக்கலாம்.

ஊர்வலம் முடிந்த மறுநாள்

பழைய போர்களில் இறந்த வீரர்களுக்குப் போர்முனையிலேயே இறுதிச் சடங்கு நடந்துவிடும். வீட்டுக்குத் தந்தியும் அவருடைய பெட்டியும் வரும். 1999 கார்கில் போரின்போதுதான் உடலைச் சொந்த ஊருக்கே அனுப்பும் வழக்கம் வந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் அந்த ஆண்டு மே 29-ம் தேதி பட்டாலிக் பகுதியில் வீழ்ந்தார். எதிரிகளின் துப்பாக்கிக்கு நேராகக் கிடந்த உடலை ஒரு மாதத்துக்கு மேல் மீட்க முடியவில்லை. வீர சக்ரா பெற்ற அவருக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. அன்றிலிருந்து, போர் என்பது டெல்லியில் நடக்கும் செய்தி என்ற நிலை மாறி, நம் தெரு முனையில் வந்து நிற்கும் ராணுவ டிரக் என்று ஆனது.

இங்கிலாந்தில் வூட்டன் பாசெட் என்று ஒரு சிறு நகரம். 2007 முதல் 2011 வரை, ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடல்கள் பக்கத்து விமானதளத்தில் இறங்கி அந்த ஊரின் கடைத்தெரு வழியாகப் போகும். யாரும் அழைக்காமலே முன்னாள் வீரர்கள் சிலர் சாலையோரம் நின்று மரியாதை செய்தார்கள். பிறகு கடைக்காரர்கள் வந்தார்கள், பிறகு ஊரே வந்தது. சர்ச் மணி அடிக்கும், வண்டி நிற்கும், சில நிமிட மௌனம், அவ்வளவுதான். மேடை கிடையாது, பேச்சு கிடையாது. 167 முறை, 345 பேருக்காக அப்படி நின்றார்கள். அந்தப் போர்களை எதிர்த்தவர்களும் அந்த வரிசையில் நிற்க முடிந்தது. 2011-ல் அரசி அந்த ஊருக்கு 'ராயல்' என்ற அடைமொழி கொடுத்தார்.

நம் ஊர்வலங்களில் மௌனம் கொஞ்சம் கஷ்டம். பறை, பட்டாசு, கட்சிக்கு ஒரு ஃபிளெக்ஸ், செல்ஃபி. அழுதுகொண்டிருக்கும் மனைவியின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் செல்போன். 'என்ன நினைக்கிறீங்க?' என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் மைக். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போகிற ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ அன்றைக்கு மிகவும் தேவை.

அதற்குப் பிறகு வருவது இன்னும் மோசமாக இருக்கலாம். 2024 ஜூலையில், சியாச்சினில் கணவரை இழந்த ஓர் இளம்பெண் குடியரசுத் தலைவரிடம் கீர்த்தி சக்ரா பெற்ற படம் நாடு முழுக்கப் பரவியது. அதன் கீழேயே ஆபாசமாக எழுதினார்கள். தேசிய மகளிர் ஆணையம் போலீஸ் நடவடிக்கை கேட்க வேண்டியிருந்தது. வீரர்களுக்கு ஸ்டேட்டஸ் வைப்பவர்களும் இப்படி எழுதுபவர்களும் வேறு வேறு உலகத்தில் இல்லை, அதே சமூக வலைதளத்தில்தான் இருக்கிறார்கள். கணவரை இழந்தவர் எப்படி உடுத்த வேண்டும், எப்போது சிரிக்கலாம், பணத்தை என்ன செய்கிறார், மறுமணம் பற்றி யோசிக்கலாமா என்று தெருவும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. ராணுவ நலத் திட்டத்திலேயே வீரர்களின் மனைவியர் மறுமணம் செய்துகொள்ள உதவித்தொகை இருக்கிறது. அரசாங்கம் ஏற்றுக்கொண்டதைத் திண்ணைகள் இன்னும் ஏற்கவில்லை.

56 ஏ.பி.ஓ

எல்லையில் இருப்பவருக்கு நேரடியாக ஏதாவது அனுப்பலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தபால் வழி உண்டு. ராணுவ முகவரியில் ஊர் பெயர் இருக்காது. வீரரின் எண், பெயர், யூனிட், 'மூலம் 56 ஏ.பி.ஓ' அல்லது '99 ஏ.பி.ஓ'. முதலாவது டெல்லியிலிருக்கும் ராணுவத் தபால் மையம் வழியாகவும், இரண்டாவது கொல்கத்தா வழியாகவும் பிரிந்து போகும். யூனிட் எங்கே நகர்ந்தாலும் கடிதம் பின்னாலேயே போய்ச் சேரும். ஆள் எங்கே இருக்கிறார் என்று தபால்காரருக்கே தெரியாது. அதுதான் ஏற்பாடு.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. தபால் துறையே மறைக்கிற விஷயத்தை, 'எங்க மச்சான் இன்னிக்கு இந்த இடத்துக்கு மூவ் ஆகுறார்' என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறோம். 2020-ல் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் தன் ஆள்களுக்கு உத்தரவிட்டது. உறவினர்களுக்கு அப்படி யாரும் உத்தரவு போட முடியாது. யூனிட் பெயர், இடம், கிளம்பும் நேரம், வண்டிகளின் படம் எதையும் பகிராமல் இருப்பது செலவில்லாத உதவி. கல்யாண வீட்டில் 'இப்ப எங்க இருக்கே, எத்தனை பேர் இருக்கீங்க, என்ன துப்பாக்கி?' என்று நோண்டாமல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 'சாப்பிட்டியாப்பா?' என்று கேட்டால் போதும்.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசர லீவு கிடைத்தவருக்கு ரிசர்வேஷன் கிடைத்திருக்காது. அப்பா ஐ.சி.யூ-வில் இருப்பார், டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கும், அவர் பாத்ரூம் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து வருவார். பச்சை நிறக் கிட் பேக் பார்த்தாலே தெரிந்துவிடும். சைடு லோயரில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் இரவைக் கழிக்க இடம் உண்டு.

குண்டூசியில் குத்திய கொடி

டிசம்பர் 7, கொடிநாள். 1949 ஆகஸ்ட்டில் பாதுகாப்பு அமைச்சரின் தலைமையிலான குழு முடிவு செய்து தொடங்கிய வழக்கம் இது. சிவப்பு, அடர்நீலம், வெளிர்நீலம் என மூன்று பட்டைகள், தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு ஒவ்வொன்று. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்ட அந்தக் காகிதக் கொடிக்கு வீட்டில் எட்டணா வாங்கிப் போன ஞாபகம் பலருக்கும் இருக்கும். காசு எங்கே போனது என்று யாரும் சொன்னதில்லை.

அது படைவீரர் கொடிநாள் நிதிக்குப் போகிறது. அதிலிருந்துதான், ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்து 65 வயதைத் தாண்டிய முன்னாள் வீரருக்கும், அவர் காலமாகிவிட்டால் அவர் மனைவிக்கும் மாதம் ஓர் உதவித்தொகை வருகிறது. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு எல்லாம் பென்ஷன் உண்டு என்பது பொதுவான நினைப்பு. சிப்பாய்க்கு 15 ஆண்டு சர்வீஸ் முடிந்தால்தான் பென்ஷன். முன்பே வந்துவிட்டவர்கள் வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த உதவித்தொகை 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000. பிள்ளைகள் இருவர் வரை முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை மாதம் 2,000 ரூபாய் கல்வி உதவி, மகள் திருமணத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று மற்றவையும் அதேபோல இரு மடங்காகின. துணை ராணுவத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் உள்துறையின் கீழ் வருபவர்கள். புல்வாமாவில் 2019-ல் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப் வீரர்கள். அந்தக் குடும்பங்களுக்கு உதவ 2017-ல் தொடங்கிய 'பாரத் கே வீர்' என்ற தனித் தளம் இருக்கிறது. அதில் ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். டி.வி-யில் முகம் வந்த குடும்பத்துக்கே எல்லாப் பணமும் குவிந்துவிடக் கூடாது என்ற நல்ல யோசனை.

போலி க்யூ.ஆர் கோடுகள் சண்டை நாள்களில் காளான் மாதிரி முளைக்கும். 'ராணுவத்துக்கு ஆயுதம் வாங்க நன்கொடை' என்று ஃபார்வர்டு வந்தால் அழித்துவிடலாம். கொடிநாள் பணத்தைப் படைவீரர் நல அலுவலகத்திலோ, அரசு அதிகாரபூர்வத் தளத்திலோ கட்டி ரசீது வாங்குவது பாதுகாப்பு.

பள்ளிப் பிள்ளைகள் உண்டியலோடு வந்தால் காசு போட்டுவிட்டு, கூட வந்த ஆசிரியரிடம் இந்தத் தெருவில் பட்டாளத்து வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். 'அப்பா ஊர்ல இல்ல சார்' என்று பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குத் தாத்தாவைக் கூட்டிவரும் பிள்ளை அவர் வகுப்பில் ஒன்று இருக்கும்.